தடுப்பில் ஒரு கர்ப்பிணி: வன்னிக் குடும்பங்கள் முதலில் செய்யவேண்டியவை

கர்ப்பிணிப் பெண் ஒருவர் கைதானதும் வீட்டார் பெரும்பாலும் தேடி ஓடுவது, தெரிந்த ஓர் அதிகாரியையோ அரசியல்வாதியையோதான். அதற்கு முன் அலுமாரியைத் திறந்து கிளினிக் அட்டையை எடுங்கள். குடும்பநல உத்தியோகத்தர் பதிவுசெய்து கொடுத்த கர்ப்பகாலப் பதிவேட்டைத்தான் சொல்கிறேன். கடைசி மாதவிடாய்த் திகதி, பிரசவம் எதிர்பார்க்கப்படும் திகதி, குருதி வகை, ஹீமோகுளோபின் அளவு, ஒவ்வொரு கிளினிக்கிலும் பார்த்த நிறையும் குருதியமுக்கமும், முந்தைய பிரசவங்கள், சிசேரியன் நடந்திருந்தால் அதன் விவரம் என்று எல்லாம் அதில் இருக்கின்றன. அரசாங்கத்தின் சொந்த உத்தியோகத்தர்கள் மாதக்கணக்கில் கையெழுத்திட்டு வந்த ஆவணம் அது. பொலிஸ் நிலையத்திலோ நீதிமன்றத்திலோ அதை மறுத்துப் பேசுவது எளிதல்ல.

கர்ப்பிணிகளுக்கு நம் நாட்டுச் சட்டத்தில் பாதுகாப்பு இருக்கிறது. ஆனால் அது அரசியலமைப்பிலும் குற்றவியல் நடவடிக்கைமுறைச் சட்டத்திலும் சிறைச்சாலைகள் கட்டளைச் சட்டத்திலும் துண்டுதுண்டாகக் கிடக்கிறது. அந்தத் துண்டுகள் ஒரு பெண்ணுக்குப் பயன்பட வேண்டுமானால், அவர் கர்ப்பிணி என்பது முதல் நாளிலிருந்து ஒவ்வொரு பதிவிலும் எழுதப்பட்டிருக்க வேண்டும். கீழே வருவதெல்லாம் அதை எப்படி எழுதவைப்பது என்பதைப் பற்றியதுதான்.

அட்டையை எடுத்ததும் நான்கைந்து நிழற்பிரதிகள் எடுத்துக்கொள்ளுங்கள். கைத்தொலைபேசியில் ஒவ்வொரு பக்கத்தையும் படம் பிடியுங்கள். மூலப்பிரதியை எவரிடமும் ஒப்படைத்துவிட்டு வராதீர்கள். அடுத்த கிளினிக்குக்கும் பிரசவத்துக்கும் அதுவே வேண்டும்.

கைது நடக்கும் இடத்தில்

ஏன் கைது செய்கிறார்கள் என்று சொல்லவேண்டியது அரசியலமைப்பின் 13(1) ஆம் உறுப்புரை விதிக்கும் கடமை. எந்தப் பொலிஸ் நிலையத்துக்குக் கொண்டுபோகிறார்கள், பொறுப்பான உத்தியோகத்தர் யார் என்பவற்றையும் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பெண்ணின் உடலைச் சோதிப்பதானால் இன்னொரு பெண்தான், கண்ணியத்தோடு சோதிக்கலாம். தப்பிச் செல்வதைத் தடுக்கத் தேவையான அளவுக்கு மேல் எவரையும் கட்டுப்படுத்தக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. ஏழு மாத வயிற்றோடு நிற்கும் ஒருவருக்கு அந்தத் தேவை எவ்வளவு என்பதை உத்தியோகத்தரிடம் பணிவாக, ஆனால் வாய்விட்டுக் கேளுங்கள்.

அடுத்தது, கர்ப்பத்தைச் சொல்வது. இரண்டாம் மூன்றாம் மாதத்தில் வெளியே ஒன்றும் தெரியாது. கருச்சிதைவு ஆபத்து கூடிய காலமும் அதுதான். ஆனாலும் நம் பெண்கள் சொல்லாமல் இருந்துவிடுகிறார்கள். ஆண் உத்தியோகத்தர்கள் முன்னால் அதைப் பேசக் கூச்சம் ஒரு காரணம். 2009 இல் செட்டிகுளம் மெனிக் பாம் முகாம்களில் முட்கம்பிக்குள் வயிற்றுப் பிள்ளையோடு இருந்த தாய்மாரையும், அங்கே பிள்ளை பெற்றவர்களையும் கொண்ட மண் இது. சீருடையைக் கண்டதும் வாயடைத்துப்போகும் பயம் இங்கே பல வீடுகளில் இன்னும் இருக்கிறது. அந்தப் பயத்தை நான் குறை சொல்லவில்லை. பெண்ணால் சொல்ல முடியாவிட்டால் பக்கத்தில் நிற்கும் தாயோ மாமியாரோ சொல்லலாம். "ஐயா, இவ பிள்ளைத்தாய்ச்சி, மூன்று மாதம், கிளினிக் அட்டை இருக்கிறது" என்ற ஒரு வரி போதும்.

வந்தவர்கள் சீருடையில் இல்லாவிட்டால், அல்லது பொலிஸ் அல்லாத படையினர் என்றால், பெயரையும் பதவியையும் கேளுங்கள். வாகன இலக்கத்தைக் குறித்துக்கொண்டு, அந்த நிமிடமே மனித உரிமைகள் ஆணைக்குழுவின் 1996 என்ற இலக்கத்துக்கு அழையுங்கள். எங்கே வைத்திருக்கிறார்கள் என்றே தெரியாத நிலை வந்தால் ஆட்கொணர்வு மனு இருக்கிறது. வவுனியா மேல் நீதிமன்றத்தில் வன்னித் தாய்மார் பலர் ஏற்கெனவே நடந்த வழி அது.

பொலிஸ் நிலையத்தில்

சாதாரண வழக்குகளில், பயண நேரம் நீங்கலாக 24 மணித்தியாலத்துக்குள் நீதவான் முன் நிறுத்த வேண்டும். சில பாரதூரமான குற்றங்களுக்கு நீதவானின் அனுமதியோடு இது நீளும். எந்தச் சட்டத்தின் கீழ் பிடித்தார்கள் என்று முதலிலேயே கேட்கச் சொன்னது இதற்காகவும்தான்.

நிலையத்துக்குப் போகிறவர் இரண்டு காரியங்களை முடித்துவிட்டுத்தான் திரும்ப வேண்டும். ஒன்று, அட்டையின் நிழற்பிரதியைப் பொறுப்பதிகாரியிடம் கொடுத்து, கர்ப்பிணி என்பதைத் தகவல் புத்தகத்தில் பதியும்படி கேட்பது. கொடுத்த நேரத்தையும் வாங்கியவரின் பெயரையும் உங்கள் பிரதியின் பின்பக்கத்தில் எழுதுங்கள். இரண்டு, சட்டத்தரணியை வரவழைப்பது. கட்சிக்காரருக்காகப் பொலிஸ் நிலையத்தில் சட்டத்தரணி தோன்றலாம் என்பது 2012 இல் வர்த்தமானியில் வெளியான விதிகளிலேயே உண்டு. கட்டணம் கொடுக்க முடியாதவர்கள் சட்ட உதவி ஆணைக்குழுவை நாடுங்கள். மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் விசாரித்தால் அதன் அலுவலகத்தைக் காட்டுவார்கள்.

மொழி விடயத்தில் விட்டுக்கொடுக்காதீர்கள். தமிழில் பேசவும் வாக்குமூலம் கொடுக்கவும் அவருக்கு உரிமை இருக்கிறது. சிங்களத்தில் எழுதியதை வாசித்து விளக்காமல் கையெழுத்துக் கேட்டால், விளங்கவில்லை என்று சொல்லி மறுக்கலாம். களைத்துப்போய், பசியோடு, எப்போது வீட்டுக்குப் போவேன் என்று ஏங்கும் கர்ப்பிணிதான் எதிலும் கையெழுத்துப் போடக்கூடியவர். சாதாரண வழக்கில் பொலிஸாரிடம் கொடுத்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்தில் சான்றாகாது என்பதையும் அவருக்குச் சொல்லி வையுங்கள்.

இரவு அங்கே தங்கவேண்டி வந்தால் பெண் உத்தியோகத்தர் இருக்கிறாரா, படுக்க இடம், குடிநீர், மலசலகூடம் இருக்கின்றனவா என்று பாருங்கள். அவர் வழக்கமாக எடுக்கும் இரும்புச்சத்து, கல்சியம் மாத்திரைகளையும், நீரிழிவுக்கோ குருதியமுக்கத்துக்கோ எடுக்கும் மருந்துகளையும் பக்கற்றோடு கொண்டுபோய்க் கொடுங்கள்.

இனி வருவது காத்திருக்க முடியாத நிலைமை. இரத்தப்போக்கு, பனிக்குடநீர் வெளியேறுதல், கடும் வயிற்றுவலி, விடாத தலையிடி, கண் மங்குதல், முகமும் கையும் வீங்குதல், வலிப்பு, காய்ச்சல், குழந்தையின் அசைவு குறைதல் ஆகியவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டுபோகும்படி கேளுங்கள். விசாரணை பிறகு நடக்கலாம். 1990 சுவசெரிய அம்புலன்ஸ் இலவசமாக வரும். மறுத்தால் மறுத்தவரின் பெயர், நேரம் இரண்டையும் குறித்துக்கொண்டு மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அழையுங்கள்.

நீதவான் முன்னால்

முழு நடைமுறையிலும் உங்களுக்குக் கிடைக்கும் மிகப் பெரிய வாய்ப்பு இதுதான். காலையில் நீதிமன்றக் கூண்டுக்குப் பக்கத்தில் பத்துப் பன்னிரண்டு பேரோடு நிற்கும்போது, ஒரு வழக்குக்குச் சில நிமிடங்கள்தான் கிடைக்கும். பொலிஸார் சமர்ப்பிக்கும் பி அறிக்கையில் பெயர், வயது, முகவரி, குற்றம் எல்லாம் இருக்கும். கர்ப்பம் இருக்கும் என்று நம்பியிருக்க வேண்டாம். சட்டத்தரணி எழுந்து சொல்ல வேண்டும். சட்டத்தரணி இல்லாவிட்டால் அந்தப் பெண்ணே கையை உயர்த்திச் சொல்லலாம். வடக்கில் நீதிமன்ற மொழி தமிழ் என்பதால் மொழிபெயர்ப்பாளருக்குக் காத்திருக்க வேண்டியதில்லை.

சொல்வதைச் சுருக்கமாகச் சொல்லப் பழக்குங்கள்: "ஐயா, நான் ஏழு மாதக் கர்ப்பிணி. குருதியமுக்கம் இருக்கிறது. இந்த மாதம் கிளினிக் திகதி இருக்கிறது. அட்டையின் பிரதியை மன்றில் கொடுக்கிறேன். வழக்கேட்டில் பதியும்படி கேட்கிறேன்." கடைசி வாக்கியத்தை விட்டுவிடக் கூடாது. வழக்கேட்டில் ஏறியது சிறைச்சாலைக்கும் வைத்தியசாலைக்கும் கூடவே போகும். பொலிஸ் நிலையத்தில் அடித்தார்கள், தள்ளினார்கள், தண்ணீர் தரவில்லை என்றால் அதையும் அங்கேயே சொல்லி, சட்ட வைத்திய அதிகாரியிடம் அனுப்பும்படி கேட்க வேண்டும். ஒரு வாரம் கழித்துச் சொன்னால் காயமும் ஆறிவிடும், கேள்வியும் மாறிவிடும்.

பிணைக்கு வருவோம். 1997 ஆம் ஆண்டின் 30 ஆம் இலக்கப் பிணைச் சட்டத்தின்படி பிணை கொடுப்பதுதான் விதி, மறுப்பது விதிவிலக்கு. ஆள் தலைமறைவாவார், சாட்சிகளைக் குழப்புவார், மீண்டும் குற்றம் செய்வார் என்பன போன்ற காரணங்களுக்காகவே மறுக்கலாம். கிளினிக் அட்டைக்கு இங்கே இன்னொரு பயன் உண்டு. ஒரே சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையின் கீழ், ஒரே கிராமத்தில், மாதந்தவறாமல் கிளினிக்குக்கு வந்த ஒருவர் நிறைமாதத்தில் எங்கே ஓடப்போகிறார் என்ற வாதத்துக்கு அதைவிட நல்ல ஆதாரம் கிடையாது. வீட்டில் சிறுபிள்ளைகள் இருந்தால் அவர்களின் பிறப்புச் சான்றிதழ்ப் பிரதிகளையும் சேர்த்துக் கொடுங்கள்.

பிணை கிடைத்தும் அன்றிரவு சிறையில் கழிக்க நேர்வது பெரும்பாலும் கடதாசிக் குறைபாட்டால்தான். சரீரப் பிணைக்கு நிற்கும் இருவர் அடையாள அட்டையோடும் கிராம அலுவலரின் வதிவிட உறுதிப்படுத்தலோடும் காலையிலேயே நீதிமன்றத்துக்கு வந்திருக்க வேண்டும். துணுக்காயிலோ ஒட்டுசுட்டானிலோ இருந்து மதியம் புறப்பட்டு வந்தால் பதிவாளர் அலுவலகம் மூடிவிடும். காசுப் பிணைக்கும் கொஞ்சம் பணத்தைக் கையில் வைத்திருங்கள்.

எல்லா வழக்கிலும் நீதவான் பிணை கொடுக்க முடியாது. கொலை போன்ற குற்றங்களுக்கும், குறிப்பிட்ட அளவுக்கு மேற்பட்ட போதைப்பொருள் வழக்குகளுக்கும் மேல் நீதிமன்றத்துக்கோ அதற்கு மேலோ போக வேண்டும். அங்கே பிணை விண்ணப்பத்தில் வெறுமனே கர்ப்பிணி என்று எழுதினால் போதாது. எத்தனையாவது வாரம், என்ன சிக்கல், சிறையில் கிடைக்காத என்ன பராமரிப்புத் தேவை என்பதைக் காட்டும் மகப்பேற்று வைத்திய நிபுணரின் கடிதம் வேண்டும். கைது வரும் என்ற நியாயமான அச்சம் முன்பே இருந்தால் முன்பிணை பற்றியும் சட்டத்தரணியிடம் கேளுங்கள்.

பிணை மறுக்கப்பட்டால் நீதிமன்றத்தை விட்டு வெளியேறுவதற்கு முன் கேட்டுப்பெற வேண்டியவை இன்னும் உண்டு: எந்தச் சிறைச்சாலை, கிளினிக் திகதிகளில் அழைத்துப்போகும்படி கட்டளை, நிலைமை மோசமென்றால் காவலோடு வைத்தியசாலையிலேயே வைத்திருக்கும்படி கட்டளை. முல்லைத்தீவுப் பெண்ணுக்கு வழக்கமாகப் பார்த்த வைத்தியர் மாஞ்சோலை வைத்தியசாலையில் இருப்பார். விளக்கமறியல் இன்னொரு மாவட்டத்தில் என்றால் அந்தத் தொடர்பு அறுந்துவிடும். உங்கள் பகுதிக் குடும்பநல உத்தியோகத்தருக்குச் சொல்லுங்கள். கர்ப்பிணி இடம் மாறினால் தகவலை அந்தப் பகுதி உத்தியோகத்தருக்கு மாற்றிக் கொடுக்க அவருக்கு வழி தெரியும்.

சிறைக்குள்

பெண்கள் ஆண்களிடமிருந்து பிரிக்கப்பட்டு, பெண் உத்தியோகத்தரின் பொறுப்பில் இருக்க வேண்டும். உள்ளே எடுக்கும்போது செய்யும் மருத்துவப் பரிசோதனையில் கர்ப்பத்தைப் பதியவையுங்கள். முதல் சந்திப்பிலேயே நலன்புரி உத்தியோகத்தரையும் கண்டு அட்டையின் பிரதியைக் கொடுங்கள். விளக்கமறியலில் இருப்பவர் இன்னும் குற்றவாளி ஆகவில்லை. வீட்டுச் சாப்பாடு கொடுக்க இடமுண்டு. நேரமும் நிபந்தனையும் சிறைக்குச் சிறை வேறுபடும், வாசலில் கேளுங்கள். வெளியே ஒரு கர்ப்பிணிக்குக் கிடைக்கும் திரிபோஷா, இரும்புச்சத்து மாத்திரை, ஏற்பூசி, குருதிப் பரிசோதனைகள் எல்லாம் உள்ளே இருப்பவருக்கும் உரியவை. கேட்டுக்கொண்டே இருங்கள், வெட்கப்பட வேண்டாம்.

நம் நாட்டுச் சட்டம் விரிவாகப் பேசாத இடங்களில் இரண்டு சர்வதேச ஆவணங்கள் கைகொடுக்கும். ஐ.நா. பொதுச்சபை 2010 இல் ஏற்றுக்கொண்ட பாங்கொக் விதிகளும், 2015 இல் ஏற்றுக்கொண்ட நெல்சன் மண்டேலா விதிகளும்தான் அவை. இவை நேரடியாக இலங்கைச் சட்டம் ஆகா. ஆனால் சட்டத்தரணிகள் நீதிமன்றத்திலும், நீங்கள் எழுதும் முறைப்பாட்டிலும் எடுத்துக்காட்டலாம். அவை சொல்வது இதுதான்: பிரசவ வலியின்போதும் பிரசவத்தின்போதும் அதற்கு அடுத்த நேரத்திலும் விலங்கு போடவே கூடாது. கர்ப்பிணிகளையும் பாலூட்டும் தாய்மாரையும் தனிமைச் சிறையில் வைத்துத் தண்டிக்கக் கூடாது. உணவும் மருத்துவ ஆலோசனையும் இலவசமாகவும் நேரத்துக்கும் கிடைக்க வேண்டும். பிரசவம் முடிந்தவரை வெளி வைத்தியசாலையில் நடக்க வேண்டும்.

விலங்கைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். பிரசவ விடுதிக் கட்டிலோடு கையைப் பிணைத்து வைத்தால் அந்தத் தாயால் ஒருபக்கம் சரிந்து படுக்க முடியாது, எழுந்து நடக்க முடியாது. குருதிப்பெருக்கு வந்து அவசரமாகச் சத்திரசிகிச்சைக் கூடத்துக்குக் கொண்டுபோகும்போது திறப்பைத் தேடி ஓட வேண்டும். கதவுக்கு வெளியே பெண் காவலர் ஒருவர் இருந்தால் காவலுக்குப் போதும். அப்படி விலங்கிட்டிருந்தால் முதலில் தாதியிடமும் வைத்தியரிடமும் சொல்லுங்கள். சிகிச்சைக்கு இடையூறு என்று வைத்தியர் ஒரு வரி சொன்னால் பெரும்பாலும் கழன்றுவிடும்.

பிறந்த குழந்தையின் பிறப்பை 42 நாட்களுக்குள் பதியுங்கள். வைத்தியசாலையில் பிறந்தால் பிறந்த இடமாக வைத்தியசாலையே வரும். சிறைக்குள் பிறந்தாலும் பிறப்புச் சான்றிதழில் சிறை என்று குறிப்பிடக் கூடாது என்கின்றன மண்டேலா விதிகள். பிள்ளை தாயோடு சிறையில் ஐந்து வயது வரை இருக்கலாம். வைத்திருப்பதா, வீட்டுக்கு அனுப்புவதா என்பதைத் தாயும் அம்மம்மாவும் பேசி, பிள்ளைக்கு எது நல்லதென்று பார்த்துத் தீர்மானியுங்கள். ஒன்றைமட்டும் சொல்வேன்: பால்குடி மறக்காத பிள்ளையை ஊரார் பேச்சுக்குப் பயந்து பிரிக்க வேண்டாம்.

தண்டனை என்று வந்தால்

கசிப்பு வழக்கில் தண்டம் கட்ட முடியாமல் சிறைக்குப் போகும் பெண்கள் இருக்கிறார்கள். தண்டத்தைத் தவணை முறையில் கட்ட நீதிமன்றம் அனுமதிக்கலாம். தீர்ப்புச் சொல்லும் அந்த நேரத்திலேயே கேட்க வேண்டும். ஒத்திவைக்கப்பட்ட சிறைத்தண்டனைக்கும், சிறைக்குப் பதிலாகச் சமூகத்துக்குள் மேற்பார்வையில் வைக்கும், 1999 ஆம் ஆண்டின் 46 ஆம் இலக்கச் சட்டப்படியான சமுதாயஞ்சார் சீர்திருத்தக் கட்டளைக்கும் இடமிருக்கிறதா என்று சட்டத்தரணியைக் கேளுங்கள். கர்ப்பிணிகளுக்குச் சிறையல்லாத தண்டனையே முதலில் கருதப்பட வேண்டும் என்பது பாங்கொக் விதிகளிலும் இருக்கிறது. மரணதண்டனைக்குரிய குற்றமே என்றாலும் கர்ப்பிணிக்கு மரணதண்டனை விதிக்க முடியாது. அதற்குப் பதிலாகச் சிறைத்தண்டனையே விதிக்கப்படும்.

பயங்கரவாதத் தடைச் சட்டம்

1979 ஆம் ஆண்டின் 48 ஆம் இலக்கச் சட்டத்தின் கீழ் கைது என்றால் மேலே சொன்ன கால எல்லைகள் மாறிவிடும். நீதவான் முன் நிறுத்த 72 மணித்தியாலம். தடுப்புக்காவல் கட்டளை 12 மாதம் வரை போகலாம். 2022 திருத்தத்துக்கு முன் அது 18 மாதமாக இருந்தது. அதே திருத்தம் சட்டத்தரணியைச் சந்திக்கவும் உறவினரோடு தொடர்புகொள்ளவும் இடம் தந்திருக்கிறது. கைது நடந்து 48 மணித்தியாலத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு அறிவிப்பது கைதுசெய்தவரின் கடமை. அவர்கள் அறிவித்தார்களா என்று பார்த்துக்கொண்டிராமல் நீங்களே அறிவியுங்கள், கர்ப்பத்தையும் சேர்த்து. ஆணைக்குழு முன்னறிவித்தல் இல்லாமலே தடுப்பு நிலையத்துக்குப் போய்ப் பார்க்கலாம். இந்தச் சட்டத்தின் கீழ் கொடுக்கும் வாக்குமூலம் வழக்கில் சான்றாக வரக்கூடும் என்பதால், இங்கே சட்டத்தரணி இல்லாமல் ஒரு தாளிலும் கையெழுத்து வைக்கக் கூடாது.

மீறல் நடந்திருந்தால்

மனித உரிமைகள் ஆணைக்குழுவுக்கு வவுனியாவிலும் யாழ்ப்பாணத்திலும் பிராந்திய அலுவலகங்கள் உள்ளன. முறைப்பாடு இலவசம், தமிழில் எழுதலாம், சட்டத்தரணி தேவையில்லை. திகதி, நேரம், இடம், பெயர் அல்லது அடையாளம், எத்தனையாவது மாதம், என்ன கேட்டோம், என்ன பதில் வந்தது என்று வரிசையாக எழுதி அட்டையின் பிரதியை இணையுங்கள்.

ஒரு மாதம் என்ற கணக்கை மறக்காதீர்கள். அடிப்படை உரிமை மீறலுக்கு உயர் நீதிமன்றம் போவதானால், அரசியலமைப்பின் 126 ஆம் உறுப்புரைப்படி ஒரு மாதத்துக்குள் மனு போக வேண்டும். அந்த ஒரு மாதத்துக்குள் ஆணைக்குழுவில் முறைப்பாடு செய்தால், அங்கே விசாரணை நிலுவையில் இருக்கும் காலம் கணக்கில் சேராது. கொழும்புக்குப் போய் வழக்காட வசதியில்லாத குடும்பத்துக்கு இந்த ஏற்பாடு பெரிய ஆறுதல். அதனால் முறைப்பாட்டு இலக்கமும் திகதியும் உள்ள கடிதத்தைக் கிளினிக் அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

சித்திரவதை நடந்திருந்தால் 1994 ஆம் ஆண்டின் 22 ஆம் இலக்கச் சட்டப்படி அது தனிக் குற்றம். குறைந்தது ஏழு ஆண்டு, கூடியது பத்து ஆண்டு சிறை. பெண்களுக்கான 1938 என்ற இலக்கத்திலும் உதவி கேட்கலாம்.

விடுதலையாகி வந்ததும் அந்த வாரத்திலேயே குடும்பநல உத்தியோகத்தரிடம் போய்த் தவறிய கிளினிக்குகளையும் ஏற்பூசிகளையும் சரிபார்த்துக்கொள்ளுங்கள். சிறையிலும் வைத்தியசாலையிலும் கொடுத்த துண்டுகள் எல்லாவற்றையும் கொண்டுபோங்கள். வழக்குத் தவணை பிரசவத் திகதியை அண்டி வந்தால், முன்கூட்டியே வைத்தியச் சான்றிதழோடு சட்டத்தரணி மூலம் மன்றுக்கு அறிவித்து வேறு திகதி கேளுங்கள். அறிவிக்காமல் வராமல் விட்டால் பிடியாணை பிறப்பிக்கப்படலாம்.